பார்த்தியா? ஆடினியா? ரசிகன் சொல்லுக்கு என்ன விலை?

டீக்கடை பெஞ்சிலேயே ஆறிப்போன பேச்சு, இன்று தயாரிப்பாளர்களை ஐகோர்ட் வரை ஓட வைக்கிறது. முந்திரிக்காட்டு ஓரத்திலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

2020 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நெய்வேலி சுரங்கத்துக்கு வெளியே நிற்க இடமில்லை. உள்ளே ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு. வெளியே வந்த விஜய், அங்கிருந்த வேன் மேல் ஏறினார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று செல்போனை உயர்த்தினார். ஒரே ஒரு கிளிக். மறுநாள் அந்தப் படம் ‘நன்றி நெய்வேலி’ என்ற வாசகத்தோடு ட்விட்டரில் வந்தது. அந்த ஆண்டு இந்தியாவில் அதிகம் ரீட்வீட் செய்யப்பட்ட பதிவு அதுதான் என்று டிசம்பரில் ட்விட்டர் நிறுவனமே அறிவித்தது.

அந்த செல்ஃபியில் ஒரு முகம் தெளிவாகத் தெரியும். பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான முகங்கள் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். இந்தக் கட்டுரை அந்தப் புள்ளிகளைப் பற்றியது.

ஒன்றைக் கவனியுங்கள். ‘மாஸ்டர்’ தியேட்டருக்கு வந்தது 2021 ஜனவரி 13-ல். வேன் மேல் செல்ஃபி எடுத்த அன்று படம் வெளியாக இன்னும் 11 மாதம் இருந்தது. கூட்டத்தில் ஒருவர்கூடப் படம் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் ‘படம் பிளாக்பஸ்டர்’ என்ற தீர்ப்பு அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. பார்க்கும் முன்பே வரும் இந்தத் தீர்ப்புதான் இன்று தமிழ் சினிமாவைத் தூக்கி நிறுத்துகிறது, அதேபோல் குப்புறவும் தள்ளுகிறது.

பெட்டிச் செய்தி: அந்த ஒரு வாரம்

• பிப்ரவரி 5: நெய்வேலி படப்பிடிப்புத் தளத்துக்கே வந்த வருமான வரித்துறை அதிகாரிகள், விஜய்யை விசாரணைக்காக சென்னைக்கு அழைத்துச் சென்றனர்.
• பிப்ரவரி 7: படப்பிடிப்புக்குத் திரும்பினார். சுரங்கப் பகுதியில் ஷூட்டிங்குக்கு அனுமதி தந்ததை எதிர்த்து பாஜகவினர் போராட்டம் நடத்தினர். பதிலுக்கு ரசிகர்கள் திரண்டனர்.
• பிப்ரவரி 9: வேன் மேல் செல்ஃபி.
• பிப்ரவரி 10: ‘நன்றி நெய்வேலி’.

செம்மண்ணும் செகண்ட் ஹாஃபும்

நெய்வேலி நகரியத்தில் முகவரி கேட்டால் ‘எத்தனாவது வட்டம்?’ என்பார்கள். நேர்கோட்டுச் சாலைகள், வரிசை வீடுகள், மணி அடித்தாற்போல ஷிஃப்ட் வேலை. கொஞ்சம் தள்ளி முத்தாண்டிக்குப்பம் பக்கம் வந்தால் காட்சி மாறிவிடும். செம்மண், முந்திரித் தோப்பு, பலா மரம். இந்த மண்ணைத் திரையில் காட்டியவர், பண்ருட்டி வட்டாரத்துப் பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான். ‘அழகி’ (2002), ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ (2007) என்று சொன்னால் போதும், பெஞ்சில் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும்.

இங்கே சினிமா பேச்சுக்கு ஒரு தனிக் கறார் உண்டு. பலா எந்த மாதம் காய்க்கும், முந்திரி எப்போது பூக்கும் என்பதெல்லாம் கைப்பழக்கம். காய்ப்பில்லாத மாதத்துக் கதையில் பழுத்த பலாப்பழம் தொங்கினால் தியேட்டரிலேயே சிரித்துவிடுவார்கள். கேமரா கோணம் பற்றி ஒரு வார்த்தை பேசாத ஆள், படம் எடுத்தவர் ஊருக்கு வந்து பார்த்தாரா இல்லையா என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுவார். இதுவும் விமர்சனம்தான். டிக்கெட் வாங்கிப் பார்த்தவன், தனக்குத் தெரிந்த விஷயத்தை வைத்துச் சொல்லும் விமர்சனம்.

அதே பெஞ்சின் மறுமுனையில் இளவட்டங்களின் காதில் இயர்போன், கையில் குறுக்காகப் பிடித்த செல்போன். ‘ரைட்ல ஆளு இருக்கான்டா, கவர் எடு’ என்று சத்தம் வரும். அது வீடியோ கேம் கூட்டம். இரண்டு கூட்டமும் வேறு வேறு என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பேச்சைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. ‘செகண்ட் ஹாஃப் ஒரே லேக்’ என்று படத்தைக் குறை சொல்கிறோமே, அந்த ‘லேக்’ கேமிலும் உண்டு. நெட் வேகம் குறைந்து கேமில் ஆள் நகராமல் நடுங்கும்போது சொல்கிற வார்த்தை அது. திரையரங்கிலும் அதற்குக் குடியுரிமை உண்டு.

கதைகளும் அப்படியே. ‘கேம் ஓவர்’ (2019) படத்தில் டாப்ஸி நடித்த பாத்திரமே வீடியோ கேம் வடிவமைப்பவர். கேமில் வருவதுபோல மறுபடி மறுபடி உயிர் கிடைக்கிறது. ‘மாநாடு’ (2021) செத்துச் செத்துப் பிழைத்து அதே நாளுக்குத் திரும்பும் கதை. வெளியே வந்த பையன்கள் அதை யாரும் விளக்கத் தேவையில்லாமல் புரிந்துகொண்டார்கள். ‘லெவலை முடிக்கிற வரைக்கும் விடமாட்டான்’, அவ்வளவுதான்.

பெட்டிச் செய்தி: ரசிகன் அகராதி

• லேக்: கேமில், ஆள் நகரவில்லை. படத்தில், கதை நகரவில்லை.
• மாஸ்: லாஜிக் கேட்கக் கூடாத காட்சி.
• நூப்: கேமில், கைப்பழக்கம் இல்லாதவர். சினிமா சண்டையில், எதிர் நடிகரின் ரசிகர்.
• ஈஸ்டர் எக்: கேமுக்குள் ஒளித்துவைத்த ரகசியம். இப்போது லோகேஷ் கனகராஜ் படங்களில் ஃபிரேம் ஃபிரேமாகத் தேடப்படுவது.
• ஸ்பாய்லர்: நண்பனாக இருந்து எதிரியானவன் செய்த வேலை.

கல்கி முதல் நீலச் சட்டை வரை

ரசனையோடு திட்டுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதியவர் கல்கி. பின்னாளில் விகடன் மார்க் போடத் தொடங்கியது. 1977-ல் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 மார்க்கை இன்றும் சினிமாக்காரர்கள் ப்ளஸ் டூ மார்க் மாதிரி நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மார்க் வாசகர் கைக்கு வருவதற்குள் படம் தியேட்டரில் பல நாள் ஓடியிருக்கும்.

யூடியூப் அந்த இடைவெளியை விழுங்கிவிட்டது. 2017 ஆகஸ்டில் ‘விவேகம்’ படத்தை ‘தமிழ் டாக்கீஸ்’ மாறன் கிழித்த விதம் திரையுலகத்தையே கொதிக்க வைத்தது. அவர் போடும் நீலச் சட்டை அவருக்குப் பட்டப்பெயராகவே ஆனது. அவரே ‘ஆன்டி இண்டியன்’ (2021) என்று ஒரு படம் எடுத்து, மற்றவர்களின் விமர்சனத்துக்கும் உட்பட்டார்.

எல்லை தாண்டி வரும் ரிசல்ட்

2023 ஜனவரி 11 அதிகாலை. ‘துணிவு’ பட வெளியீட்டுக் கொண்டாட்டத்தில், சென்னை கோயம்பேட்டில் லாரி மேல் ஏறி ஆடிய ஓர் இளைஞர் விழுந்து இறந்தார். அதன்பின் விடியற்காலைக் காட்சிகளுக்கு அரசு அனுமதி தரவில்லை. பெரிய படமானாலும் தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் என்றானது. உயிர் முக்கியம், அந்த முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதற்கு யாரும் எதிர்பாராத ஒரு பின்விளைவு வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 19-ல் ‘லியோ’ வந்தபோது கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கே திரை விலகியது. இங்கே ரசிகன் பல் துலக்குவதற்குள் அங்கே இடைவேளை முடிந்துவிட்டது. நைட் ஷிஃப்ட் முடித்து 9 மணிக் காட்சிக்குக் கிளம்பும் நெய்வேலித் தொழிலாளி, பைக்கை எடுக்கும் முன்பே வில்லன் யார், விருந்தாளி யார், கடைசியில் போனில் பேசியது யார் குரல் என்று எல்லாமே செல்போனில் வந்து நிற்கும். தமிழ்ப் படத்துக்குத் தமிழ்நாட்டுக்காரன் கடைசி ஆளாகக் கருத்து சொல்கிறான். இல்லை, வந்த கருத்தைத் தன் கருத்தாகத் திருப்பிச் சொல்கிறான்.

இரண்டு புள்ளி சத்தம்

2024 நவம்பர் 14-ல் ‘கங்குவா’ வெளியானது. முதல் காட்சி முடிந்து வந்தவர்களின் முதல் புகார் கதை பற்றியது அல்ல. ‘காது வலிக்குது’ என்பதுதான். ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் படத்தின் இரைச்சல் பற்றி வருந்தி எழுதினார். படத்தைத் தாங்கிப் பிடித்துப் பதிவிட்ட ஜோதிகாவும், முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, சத்தம் அதிகம் என்று ஒப்புக்கொண்டார். தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா என்ன செய்தார்? ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். சில நாளில் படத்தின் நீளத்தில் 12 நிமிடத்தையும் வெட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ‘இந்தியன் 2’ படத்துக்கும் இப்படித்தான் 12 நிமிட வெட்டு விழுந்தது.

இங்கேதான் வேடிக்கை. அதே நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. முதல் நாள் முதல் காட்சியில் தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை மைக் நீட்ட விடாதீர்கள் என்றது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ படங்கள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. இன்னொரு அமைப்பான நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், முதல் மூன்று நாள் விமர்சனத்துக்கே தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. டிசம்பர் 3-ல் நீதிபதி சவுந்தர் இடைக்காலத் தடை தர மறுத்தார். விமர்சனம் கருத்துச் சுதந்திரம். அவதூறு என்றால் போலீசில் புகார் தரலாம் என்பதே அதன் சாரம்.

யோசித்துப் பாருங்கள். மூன்று நாள் தடை இருந்திருந்தால், ‘காது வலிக்குது’ என்ற சொல் தயாரிப்பாளர் காதுக்கு நான்காம் நாள்தான் போயிருக்கும். ரசிகன் கருத்தை வைத்தே படத்தைத் திருத்திக்கொண்டு, அந்த ரசிகன் வாயையும் கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

தயாரிப்பாளர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. படத்தைப் பார்க்காமலே ‘மொக்கை’ என்று பதிவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு நடிகர் தோற்க வேண்டும் என்று காத்திருந்து அடிக்கும் கூட்டம் இருக்கிறது. கேரளத்தில் இது 2023 அக்டோபரிலேயே போலீஸ் வழக்கு வரை போனது. ‘ராகேல் மகன் கோரா’ பட இயக்குநரின் புகாரில் கொச்சி போலீஸ் விமர்சகர்கள் மீது வழக்குப் பதிந்தது.

முதனையிலிருந்து உலக முதலிடம்

ரசிகர் கருத்தின் பலத்தை, நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தைவிட நன்றாக அறிந்த மாவட்டம் இருக்க முடியாது. ரசிகர் மன்றத்திலிருந்து கிளம்பிய விஜயகாந்த்தை 2006-ல் சட்டமன்றத்துக்கு அனுப்பியது இந்த மாவட்டத்து விருத்தாசலம். நெய்வேலியில் வேன் மேல் ஏறியவரும் 2024 பிப்ரவரி 2-ல் கட்சி தொடங்கிவிட்டார்.

ஆனால் இந்த மண்ணின் பெரிய பாடம் ‘ஜெய்பீம்’. 1993-ல் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்தில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்த உண்மைச் சம்பவம்தான் கதைக்கு வேர். 2021 நவம்பர் 2-ல் ஓடிடியில் வந்த படம், சில நாளில் ஐஎம்டிபி தளத்தில் 9.6 மதிப்பெண்ணோடு ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தையே முந்தி நின்றது. பக்கத்து ஊரில் நடந்த கதை உலகப் பட்டியலில் முதலிடம்!

அதே படத்தில் வந்த ஒரு காலண்டர், வன்னியர் சமூகத்தைப் புண்படுத்துவதாகப் புகார் கிளம்பியது. காட்சி மாற்றப்பட்டது. வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. சூர்யா வீட்டுக்குப் போலீஸ் பாதுகாப்பு போடப்பட்டது. பத்துக்குப் பத்து போட்டவர்களிலும், ஒன்று போட்டவர்களிலும், படத்தை முழுக்கப் பார்த்தவர் எத்தனை பேர்? அந்தத் தளத்தின் நட்சத்திரங்களில் அதற்கு விடை இல்லை. படம் சொன்ன பழங்குடிப் பெண்ணின் நீதிப் போராட்டம் நட்சத்திரக் கணக்கில் தொலைந்துபோனதுதான் மிச்சம்.

எத்தனை மணி நேரம் ஆடினாய்?

இந்தக் கேள்விக்கு வீடியோ கேம் உலகம் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ‘ஸ்டீம்’ தளத்தில் யாரும் கருத்து எழுதலாம். ஆனால் கேம் அவர் கணக்கில் இருக்க வேண்டும். கருத்துக்கு மேலேயே அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்ற எண் இருக்கும். பத்து நிமிடம் ஆடிவிட்டு ‘குப்பை’ என்று எழுதினால் அந்தப் பத்து நிமிடமும் கூடவே தெரியும். முந்நூறு மணி நேரம் ஆடிவிட்டு ‘பரவாயில்லை’ என்றாலும் சிரிப்புத்தான்! கும்பலாக வந்து கல்லெறிந்தால், சம்பந்தமில்லாத அந்தக் கருத்துகளை மொத்த மதிப்பெண்ணில் சேர்க்காமல் விடும் ஏற்பாடும் 2019-லிருந்து இருக்கிறது.

பார்த்துவிட்டுச் சொல்லும் கருத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2020 டிசம்பர் 10-ல் போலந்து நாட்டு நிறுவனத்தின் ‘சைபர்பங்க் 2077’ வந்தது. பழைய பிளேஸ்டேஷனில் கேம் திக்கித் திணறியது. வாங்கியவர்கள் வீடியோ ஆதாரத்தோடு குமுறினார்கள். ஒரு வாரம் கழித்து சோனி தன் கடையிலிருந்தே கேமை எடுத்தது. பணத்தையும் திருப்பித் தந்தது. கேமை உருவாக்கிய நிறுவனம் உட்கார்ந்து சரிசெய்தது. 2023-ல் வந்த திருத்திய வடிவத்தை, திட்டியவர்களே பாராட்டினார்கள்.

கேமிலிருந்து சினிமாவான ‘சோனிக்’ கதையும் அப்படித்தான். 2019 ஏப்ரலில் டிரெய்லர் வந்தது. நீல முள்ளெலியின் மனிதப் பற்களைப் பார்த்து ஊரே அலறியது. இயக்குநர் தவறை ஒப்புக்கொண்டார். உருவத்தையே மாற்றி வரைந்து, வெளியீட்டைத் தள்ளிவைத்து, 2020 பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள். படம் ஓடியது.

நம் வீட்டுக் கதைக்கும் வருவோம். கனடாவின் டொராண்டோவில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ 2023 ஜூலை 31-ல் ‘வெண்பா’ என்ற கேமை வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தாய், அம்மா தந்த கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி அவிக்கிறாள், புட்டு செய்கிறாள். மகன் கவின் தமிழை விட்டு நழுவுகிறான். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. இட்லித் தட்டை ஒழுங்காக அடுக்கினால் ஜெயிக்கலாம். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. ‘சீக்கிரம் முடிஞ்சிடுச்சே’ என்பது ஆடியவர்கள் பலரின் குறை. படைப்பாளிக்கு இதைவிட இனிப்பான குறை வேறென்ன?

பெட்டிச் செய்தி: கேம் ஆடுபவர் கவனத்துக்கு

• 2020 செப்டம்பர் 2: பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை.
• 2021 ஜூலை 2: ‘பிஜிஎம்ஐ’ என்ற பெயரில் இந்திய வடிவம். 2022 ஜூலையில் நீக்கம். 2023 மே மாதம் மீண்டும் அனுமதி. 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு.
• 2022 பிப்ரவரி: ‘ஃப்ரீ ஃபயர்’ தடை.
• 2025 ஆகஸ்ட் 22: பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடைசெய்யும் மத்திய சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல். இ-ஸ்போர்ட்ஸுக்குத் தனி அங்கீகாரம்.

நஷ்டம் யாருக்கு?

கேமில் வாய்த்துடுக்கும் உண்டு. பப்ஜி ஆடிக்கொண்டே ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் ஒரு யூடியூபர் 2021 ஜூனில் தருமபுரியில் கைதானார். ஆகவே ஆடுகிறவன் எல்லாம் நல்லவன், படம் பார்க்கிறவன் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை.

சினிமாவிலும் நல்ல வாய் உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ தமிழில் டப் ஆகாமலே இங்கே தியேட்டர்களை நிறைத்தது. ‘லப்பர் பந்து’ (2024), ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) படங்களை வாரக் கணக்கில் ஓட வைத்தது பார்த்தவர் வாய்ச்சொல். பெரிய நடிகருக்கு விளம்பரம் இருக்கிறது. சின்னப் படத்துக்கு இருக்கும் ஒரே போஸ்டர், பார்த்துவிட்டு வெளியே வரும் ரசிகன் முகம்தான். மூன்று நாள் தடை வந்தால் முதலில் செத்துப்போவது அந்தச் சின்னப் படம். ‘கங்குவா’வுக்கு நான்காம் நாள் இருக்கும், சின்னப் படத்துக்குப் பல ஊர்களில் நான்காம் நாளே இருக்காது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிக்கு மேலே மலையளவு மண் கிடக்கிறது. அதை அள்ளிக் கொட்டினால்தான் கரி கிடைக்கும். மண் அதிகம் என்பதற்காக யாரும் சுரங்கத்தை மூடவில்லை. அள்ளும் இயந்திரத்தைத்தான் பெரிதாக்கினார்கள். ரசிகர் கருத்துகளிலும் மேல்மண் அதிகம்தான். சங்கங்கள் கேட்க வேண்டியது வாய்ப்பூட்டு அல்ல. டிக்கெட் விற்கும் தளங்களில், டிக்கெட் வாங்கியவர் கருத்தை மட்டும் தனியாகக் காட்டும் ஏற்பாட்டைக் கேட்கட்டும். மணி நேரக் கணக்கைக் கேம் கடை காட்டும்போது, இருக்கை எண்ணைச் சினிமா காட்ட முடியாதா?

அதுவரைக்கும் வடிகட்டி நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை யாராவது ‘படம் வேஸ்ட்’ என்றோ ‘கேம் வேற லெவல்’ என்றோ சொன்னால், சண்டைக்குப் போக வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நீ பார்த்தியா?’ பார்த்தேன் என்றால் டீ வாங்கிக் கொடுத்து முழுசாகக் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் டீக்கு அவர் காசு கொடுக்கட்டும்.